ஓட்டையில் பிறந்த சாதனை!



நம் வீட்டில் யாருக்காவது மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் முதலில் எழுதித் தருவது ரத்தப் பரிசோதனை. டெங்கு பரவும் நாட்களிலோ கேட்கவே வேண்டாம். பிளேட்லெட் எத்தனை, நேற்றைவிட ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று தெருவே பேசும். கையில் ஊசி குத்தி எடுத்த கொஞ்சம் ரத்தத்தில் லட்சக்கணக்கான செல்களை யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று நாம் யோசித்ததுண்டா?

நான் யோசித்ததில்லை. இன்-பிளான்ட் டிரெயினிங்கிற்காக ஒரு மருத்துவமனைக்குப் போன அந்த நாள் வரை!

அன்று லேபில் ரத்தம் எண்ணும் மிஷின் அடம் பிடித்தது. திரையில் ஏதோ எச்சரிக்கை. வெளியே வரிசையாக நோயாளிகள். சர்வீஸ் அண்ணன் ஒருவர் தோளில் பையோடு வந்தார். மூடியைக் கழற்றினார். வெளுப்புத் திரவத்தைச் செலுத்திக் கழுவினார். பத்தே நிமிடம், மிஷின் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற எங்களைப் பார்த்து, உள்ளே செல்லை எண்ணுவது எது, சொல்லுங்க தம்பிகளா என்றார். நாங்கள் லேசர், கேமரா, சென்சார், கம்ப்யூட்டர் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னோம். அவர் சிரித்தார். எண்ணுவது ஒரு ஓட்டை, அது அடைத்துக்கொண்டது, குத்திவிட்டேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. அவரும் ஒரு காலத்தில் இதே மாதிரி தோளில் பையோடு மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கியவர்தான். கையில் பட்டம் கிடையாது. ஆனால் பிற்காலத்தில் உலகெங்கும் கிளை பரப்பிய ஒரு நோயறி கருவி நிறுவனத்தின் தலைவரானார். அவர் பெயர் வாலஸ் கோல்டர். டிப்ளமோ படிக்கும் நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

சைக்கிள் வேண்டாம், ரேடியோ வேண்டும்!

வாலஸ் ஹென்றி கோல்டர் 1913-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் நகரில் பிறந்தார். வளர்ந்தது மெக்கீ என்ற சின்ன ஊரில். அப்பா ரயில்வேயில் தந்திப் பிரிவு வேலை. அம்மா மழலையர் பள்ளி ஆசிரியை. நம் வீடுகளைப் போல மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பம்தான்.

பதினோராம் பிறந்த நாளுக்கு சைக்கிள் வாங்கித் தரலாம் என்று வீட்டில் நினைத்தார்கள். பையன் வேண்டாம் என்றுவிட்டான். அதற்குப் பதிலாகத் தானே பூட்டிக் கேட்கும் ரேடியோ உதிரிபாகப் பெட்டி ஒன்று கேட்டான். அப்போது ரேடியோ என்பது ஊருக்கே அதிசயம். அந்தப் பெட்டியோடு அவன் உட்கார்ந்த நாளிலேயே எலெக்ட்ரானிக்ஸ் அவனைப் பிடித்துக்கொண்டது. சாகும் வரை விடவில்லை.

படிப்பு பாதியில் நின்றது

பள்ளி முடித்து மிசௌரி மாநிலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரியில் ஒரு வருடம் படித்தார். ஆர்வம் முழுவதும் எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் இருந்ததால் ஜார்ஜியா டெக் என்ற பெயர் பெற்ற தொழில்நுட்பக் கல்லூரிக்கு மாறினார். ஆனால் அது 1930-களின் தொடக்கம். 1929-இல் பங்குச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து வந்த பொருளாதார மந்தம் அமெரிக்காவையே ஆட்டி வைத்த நேரம். வங்கிகள் மூடின, ஆலைகள் மூடின. கோல்டரின் படிப்பும் பணமில்லாமல் நின்றது. பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தார்.

நண்பர்களே, இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிய ஆளாக வர வேண்டுமென்றால் படிப்பை விட்டுவிட வேண்டும் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்! அரியர் வைத்திருப்பவர்களுக்கு இது ஆறுதல் கட்டுரையும் அல்ல. அவர் விரும்பி விடவில்லை. வேறு வழியில்லாமல் நின்றது. கல்லூரி நின்ற பிறகும் கற்றுக்கொள்வதை அவர் நிறுத்தவில்லை என்பதுதான் முக்கியம்.

மெம்ஃபிஸ் நகரில் ஒரு ரேடியோ நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அறிவிப்பாளர் வராத நாளில் மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவார். மற்ற நேரத்தில் கருவிகளைப் பழுது பார்ப்பார். எந்த வேலை கிடைத்தாலும் ஸ்குரூ டிரைவர் கையை விட்டு இறங்கவில்லை.

எக்ஸ்ரே மிஷினும் கப்பல் பயணமும்

1935-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எக்ஸ்ரே பிரிவில் விற்பனை மற்றும் சர்வீஸ் பொறியாளராகச் சேர்ந்தார். சிகாகோ வட்டாரத்து மருத்துவமனைகள் அவர் பொறுப்பு. பிறகு கம்பெனி அவரைக் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பியது. மணிலா, ஷாங்காய், சிங்கப்பூர் என்று சுற்றினார். மிஷினை விற்பார், பொருத்துவார், கெட்டால் சரி செய்வார்.

1941 டிசம்பரில் போர் சிங்கப்பூரைத் தொட்டது. ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசத் தொடங்கின. வந்த வழியே வீடு திரும்ப முடியாது. கிடைத்த ஒரு சின்ன சரக்குக் கப்பலில் ஏறித் தப்பினார். அந்தக் கப்பல் எங்கே போனது தெரியுமா? நம் இந்தியாவுக்கு! சில வாரங்கள் இங்கே இருந்தார். ஐரோப்பா வழியாகப் போகவும் போர் விடவில்லை. எனவே ஆப்பிரிக்கா, அங்கிருந்து தென் அமெரிக்கா என்று உலகத்தையே சுற்றிக்கொண்டு 1942 கடைசியில்தான் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரு வருடம்! இருபத்தொன்பது வயதில் வேலையும் போய், ஊரும் தூரமாகி, கடல் கடலாக அலைந்த ஒரு சர்வீஸ் ஆள். அன்று அவரைப் பார்த்த யாரும் இவர் வரலாற்றில் இடம் பிடிப்பார் என்று பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

கண்ணை உறுத்திய காட்சி

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ மருத்துவமனைகளுக்குள் போய் வந்தபோது ஒரு காட்சி அவர் கண்ணில் திரும்பத் திரும்பப் பட்டது. எக்ஸ்ரே அறைக்கு அந்தப் பக்கம் லேபில் ஒருவர் மைக்ராஸ்கோப் மேல் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். ரத்தத்தை அளந்து நீர்த்து, கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை செல் என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருப்பார். யாராவது கூப்பிட்டால் கணக்கு விட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து!

சாதாரணமாக நம் ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டரில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. ஒரு சிவப்பணுவின் அகலம் 7 அல்லது 8 மைக்ரான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அத்தனையையும் எண்ண முடியாது. அதனால் சில நூறு செல்களை எண்ணிப் பெருக்கிச் சொல்வார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. 400 செல்களை எண்ணினால், அதன் வர்க்கமூலம் 20. அதாவது எண்ணுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தற்செயலால் மட்டுமே 5 சதவீதம் அளவு மேலே கீழே போகும். நீர்ப்பதில் வரும் பிழை, கண் அசதியில் வரும் பிழை எல்லாம் அதற்கு மேல். காலையில் எண்ணியதற்கும் மாலையில் எண்ணியதற்கும் வித்தியாசம் வந்தால், நோய் கூடியதா, எண்ணியவர் களைத்துப் போனாரா? டாக்டருக்கே குழப்பம்தான்.

இந்தக் காட்சியை எத்தனையோ பேர் பார்த்தார்கள். பெரிய டாக்டர்கள் பார்த்தார்கள். அவர்களுக்கு மைக்ராஸ்கோப் தெரியும், மின்சுற்று தெரியாது. மின் பொறியாளர்களுக்குச் சுற்று தெரியும், ஆனால் அவர்கள் லேப் பக்கமே போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றவர் நம்ம ஆளு, சர்வீஸ்காரர்!

போருக்குப் பிறகு அவர் சிகாகோவில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலை பார்த்தார். 1945-இல் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் மேல் அணுகுண்டு விழுந்தது. கதிர்வீச்சு முதலில் பாதிப்பவற்றில் ரத்தமும் ஒன்று. நாளை இன்னொரு அணுகுண்டு விழுந்தால் ஆயிரமாயிரம் பேர் ரத்தத்தை வேகமாகச் சோதிக்க வேண்டி வருமே, மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. பகலில் கம்பெனி வேலை. இரவில் வீட்டின் நிலவறையில் சொந்த ஆராய்ச்சி.

செலஃபேன் தாளும் சூடான ஊசியும்

1940-களின் கடைசியில் அவர் கண்டுபிடித்த தத்துவத்தை நம் முதலாம் ஆண்டு மாணவரே புரிந்துகொள்வார். அவ்வளவு சுலபம்!

உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஒரு கண்ணாடிக் குழாயின் அடியில் மிக மெல்லிய துளை போடுங்கள். குழாய்க்கு உள்ளே ஒரு மின்முனை, வெளியே ஒரு மின்முனை. இரண்டையும் உப்புத் தண்ணீரில் நிறுத்தி மாறாத மின்னோட்டம் கொடுங்கள். மின்சாரம் முழுவதும் அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும், வேறு பாதை இல்லை. இப்போது தண்ணீரில் ரத்தத்தைக் கலந்து துளை வழியாக உறிஞ்சுங்கள். ரத்தச் செல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஒரு செல் துளைக்குள் நுழையும்போது அதன் பருமன் அளவு உப்புத் தண்ணீரை விலக்குகிறது. உடனே மின்தடை கூடுகிறது. மின்னோட்டம் மாறாதபோது தடை கூடினால் மின்னழுத்தம் கூடும், ஓம் விதி! செல் வெளியே போனதும் பழைய நிலை. ஆக ஒரு செல்லுக்கு ஒரு துடிப்பு. ஆம்ப்ளிஃபையரில் பெருக்கி, துடிப்பை எண்ணினால் செல்லை எண்ணியாயிற்று.

இன்னொரு லாபமும் உண்டு. பெரிய செல் என்றால் துடிப்பு உயரம், சின்ன செல் என்றால் குட்டை. துடிப்பின் உயரமே செல்லின் பருமனைச் சொல்லிவிடும். எண்ணவும் ஆயிற்று, அளக்கவும் ஆயிற்று!

கேட்க சுலபம். செய்வதுதான் கஷ்டம். மைக்ரான் கணக்கில் துளை போட அன்று அவரிடம் என்ன இருந்தது? சிகரெட் பெட்டி மேல் சுற்றிவரும் செலஃபேன் தாளை எடுத்தார். தையல் ஊசியைச் சூடாக்கிக் குத்தினார். அதுதான் முதல் துளை. நம் ஒர்க்‌ஷாப்பில் டிரில் பிட் இல்லை என்று கை கட்டி நிற்கும் நேரத்தில் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்!

அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகமும் அவர் முயற்சிக்குக் கை கொடுத்தது. இங்கே ஒரு கதை சொல்வார்கள். பெயிண்டில் உள்ள துகள்களை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தாராம். சிகாகோவின் கடுங்குளிரில் பெயிண்ட் உறைந்து போயிற்று. மறுபடி வாங்க வெளியே போக மனமில்லை. தன் விரலையே குத்தி ரத்தத்தை எடுத்துச் சோதனையைத் தொடர்ந்தாராம்.

ஓட்டைக்கு உரிமையா?

கருவி வேலை செய்தது. அடுத்து காப்புரிமை. 1949-இல் முயற்சியைத் தொடங்கினார். காப்புரிமை வக்கீல்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை விரித்தார்கள். என்ன காரணம் தெரியுமா? நீங்கள் கொண்டுவந்திருப்பது ஒரு ஓட்டை, ஓட்டைக்கெல்லாம் காப்புரிமை கிடையாது என்பதுதான்! பல வருட உழைப்பை ஒற்றை வரியில் தள்ளிவிட்டார்கள். பட்டம் இல்லாத, பெரிய கம்பெனி பின்னால் இல்லாத ஒருவர் எத்தனை கதவைத் தட்ட முடியும்?

நாமாக இருந்தால் மூன்றாவது வக்கீலோடு நிறுத்தியிருப்போம். உண்மையைச் சொன்னால், நான் இரண்டாவதோடு நிறுத்தியிருப்பேன். கோல்டர் நிறுத்தவில்லை. கடைசியில் விஷயத்தைப் புரிந்துகொண்ட ஒரு வக்கீல் கிடைத்தார். 1953 அக்டோபர் 20-ஆம் நாள், நீர்மத்தில் மிதக்கும் துகள்களை எண்ணும் வழிக்காக 2,656,508 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை அவர் கைக்கு வந்தது. துளை வழியே பொருளைச் செலுத்தி, அதனால் மின்சாரத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு எண்ணும் முறைதான் கண்டுபிடிப்பு என்பதை உலகம் ஒப்புக்கொண்டது.

கார் டிக்கியில் கம்பெனி

காப்புரிமைச் சான்றிதழ் மட்டும் சோறு போடாது. மருத்துவ உலகம் நம்ப வேண்டும். இங்கேதான் தம்பி வருகிறார். ஜோசப் கோல்டர், அண்ணனைப் போலவே எலெக்ட்ரானிக்ஸ் ஆள். இருவரும் இரவிலும் வார விடுமுறையிலும் உட்கார்ந்து மிஷினை உருப்படியாக்கினார்கள். மாதிரிக் கருவிகள் இரண்டை அமெரிக்க அரசின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். மைக்ராஸ்கோப்பில் எண்ணுவதைவிட இது வேகமும் துல்லியமும் உள்ளது என்று அங்கிருந்த ஆய்வாளர்கள் 1956 வாக்கில் எழுதி வெளியிட்டார்கள். அதே 1956-இல் சிகாகோ மின்னணுவியல் மாநாட்டில் கோல்டரும் தன் முறையை விளக்கிக் கட்டுரை படித்தார்.

கணக்கைப் பாருங்கள். ரத்தத்தை 50,000 மடங்கு நீர்த்தால் ஒரு கன மில்லிமீட்டரில் சுமார் 100 சிவப்பணு. அரை மில்லி உறிஞ்சினால் 50,000 செல் துளை வழியாகப் போகும். அரை மில்லியை அளக்க ஒரு பாதரசக் குழாய். பாதரசம் ஒரு கம்பியைத் தொட்டால் எண்ணத் தொடங்கும், அடுத்த கம்பியைத் தொட்டால் நிற்கும். அத்தனையும் அரை நிமிடத்துக்குள்! 50,000-த்தின் வர்க்கமூலம் சுமார் 224. தற்செயல் பிழை அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அடேங்கப்பா என்றுதான் சொல்ல வேண்டும்.

குறையும் இருந்தது. இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக நுழைந்தால் மிஷின் ஒன்று என்றே எண்ணும். அதற்குத் திருத்த அட்டவணை போட்டார்கள். துளை அடைத்துக்கொள்ளும். சர்வீஸ் அண்ணன் குத்திவிட்டாரே, அதே பிரச்சினை அன்றும் உண்டு! செலஃபேன் போய்க் கண்ணாடி வந்தது, பிறகு உறுதியான ரத்தின வகைக் கல்லில் துளையிட்டுப் பொருத்தினார்கள்.

1958-இல் அண்ணனும் தம்பியும் கோல்டர் எலெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனியை முறையாகத் தொடங்கினார்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற அப்பாவும் கணக்கு வழக்கு பார்க்கச் சேர்ந்துகொண்டார். விற்பனைப் படை எது? இவர்களேதான்! மிஷின்களைக் காரில் ஏற்றிக்கொண்டு லேப் லேபாகப் போவார்கள். இயக்கிக் காட்டுவார்கள். விற்றுத் தீர்ந்ததும் திரும்பி வந்து அடுத்ததை ஏற்றுவார்கள். முன்பு அடுத்தவர் கம்பெனி எக்ஸ்ரே மிஷினை விற்ற அனுபவம் அப்போது கை கொடுத்தது. எந்த மருத்துவமனையில் யாரிடம் பேச வேண்டும், மிஷின் நின்றுவிட்டால் லேப் என்ன பாடுபடும் என்பதெல்லாம் அவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஒரே ரத்தம், ஏழு விடை

1961-இல் கம்பெனி மயாமி வட்டாரத்துக்கு இடம் மாறியது. 1968-இல் வந்த மாடல் எஸ் என்ற மிஷின் லேப் உலகத்தையே புரட்டிப் போட்டது. அதுவரை ஒவ்வொன்றாகக் கையால் செய்த சோதனைகளை ஒரே மிஷின் தானாகவே செய்தது. வெள்ளையணு எத்தனை, சிவப்பணு எத்தனை, ஹீமோகுளோபின் எவ்வளவு, சிவப்பணுவின் சராசரிப் பருமன் என்ன என்று மொத்தம் ஏழு விடைகளை அட்டையில் அச்சடித்துக் கொடுத்தது. பிளேட்லெட் பிற்கால மாடல்களில் வந்து சேர்ந்தது.

இந்தச் சராசரிப் பருமனை அற்பமாக நினைக்க வேண்டாம். ரத்தசோகை என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் பல வகை. இரும்புச் சத்து குறைந்தால் சிவப்பணு சிறுத்துப் போகும். வைட்டமின் பி-12 குறைந்தால் பெருத்துப் போகும். எந்த மருந்து தருவது என்று டாக்டர் யோசிக்க இந்த ஒரு எண் பெரிய உதவி. துடிப்பின் உயரத்தில் இருந்து கிடைத்த எண் அது!

மிஷினை ஒரு முறைதான் விற்க முடியும். ஆனால் அதற்கு வேண்டிய உப்பு நீர், சிவப்பணுவைக் கரைக்கும் திரவம், மிஷின் சரியாக எண்ணுகிறதா என்று சோதிக்கும் மாதிரி ரத்தம் எல்லாம் தினமும் தேவை. அவற்றையும் கம்பெனியே தயாரித்து விற்றது. நோயறி கருவித் தொழிலின் பொருளாதாரமே இதில்தான் நிற்கிறது. தொழில் தொடங்க நினைக்கும் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்.

எண்ணுவதோடு நிற்காமல்

1965-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் மாக் ஃபுல்வைலர் என்பவர் கோல்டர் துளையை வைத்துச் செல்களைப் பருமன் வாரியாகப் பிரித்தெடுக்கும் கருவியைச் செய்தார். அந்த வழியில் வளர்ந்த செல் ஆய்வுக் கருவிகளைக் கோல்டர் கம்பெனியும் தயாரித்தது. பிறகு உயிரித் தொழில்நுட்பத்திலும் இறங்கியது. பாஸ்டனில் உள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்து விஞ்ஞானிகள் உருவாக்கிய எதிர்ப்பொருள்களைத் தயாரித்து விற்றது. எய்ட்ஸ் நோயாளியின் உடம்பில் குறைந்துகொண்டே போகும் டி-4 செல்களை அடையாளம் காண இப்படிப்பட்ட எதிர்ப்பொருள்கள்தான் உதவின.

எதிர்ப்பொருளையே மருந்தாக்க முடியுமா என்ற முயற்சிக்காக 1995-இல் கோல்டர் ஃபார்மசூட்டிகல் என்ற தனி நிறுவனம் பிறந்தது. அதன் வழியே வந்த லிம்போமா புற்றுநோய் மருந்து 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விற்பனை குறைந்து 2014-இல் நிறுத்தப்பட்டது. எல்லா முயற்சியும் ஓட்டையைப் போல வெற்றி பெறுவதில்லை, இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரத்தத்துக்கு வெளியிலும் கோல்டர் தத்துவம் பரவியது. பெயிண்ட், மை, மாவு, பால், பீர் தயாரிக்கும் ஈஸ்ட் என்று எங்கெல்லாம் துகளின் அளவு முக்கியமோ அங்கெல்லாம் அந்தத் துளை போய் நின்றது.

கடைசிக் கணக்கு

கோல்டர் திருமணம் செய்துகொள்ளவில்லை. விளம்பரத்தை விரும்பாதவர். கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டு போகாமல் குடும்பச் சொத்தாகவே வைத்துக்கொண்டு, லாபத்தை ஆராய்ச்சியில் போட்டார். 1995-இல் தம்பி ஜோசப் காலமானார். 1997-இல் கம்பெனியை பெக்மன் நிறுவனம் வாங்கியது. ரொக்கம் மட்டும் 87 கோடியே 50 லட்சம் டாலர், கடன்கள் தனி. அந்தப் பணத்தில் ஒரு பங்கை உடன் உழைத்த ஊழியர்களுக்கு ஒதுக்கினார் கோல்டர். பெயர் பெக்மன் கோல்டர் என்று மாறியது. 2011-இல் டானஹர் நிறுவனம் அதை வாங்கிய பிறகும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது.

1998 ஆகஸ்ட் 7-ஆம் நாள், தன் 85-ஆம் வயதில் மயாமியில் வாலஸ் கோல்டர் காலமானார். சொத்தின் பெரும்பகுதி அவர் பெயரில் உள்ள அறக்கட்டளைக்குப் போனது. ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் மருத்துவக் கருவிகள் நோயாளியின் படுக்கை வரை போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அது செலவிட்டது.

இனி ஒரு ருசிகரமான செய்தி. பணமில்லாமல் அவர் பட்டம் வாங்காமல் வெளியேறிய அதே ஜார்ஜியா டெக் இன்று எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உயிர்மருத்துவப் பொறியியல் துறையை நடத்துகிறது. அந்தத் துறையின் பெயர் என்ன தெரியுமா? வாலஸ் கோல்டர் துறை! அவருக்குக் கிடைக்காத பட்டத்தை ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் அவர் பெயரால் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

நமக்கு என்ன?

நண்பர்களே! நம் ஹாஸ்டல் அறைகளில் அடிக்கடி ஒரு புலம்பல் கேட்கும். டிப்ளமோ முடித்தால் சேல்ஸ் அல்லது சர்வீஸ் வேலைதான், டிசைன் எல்லாம் பி.இ. படித்தவனுக்குத்தான் என்று. நானும் அப்படிப் புலம்பியவன்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைவதா என்று என் அப்பாவிடம் கோபப்பட்டதும் உண்டு. அந்த சர்வீஸ் அண்ணன் மிஷினைத் திறந்து காட்டிய நாளில் என் எண்ணம் கொஞ்சம் ஆடிப்போனது.

பெரிய நிறுவனத்தின் டிசைன் அறையில் இருப்பவருக்கு மிஷினின் வரைபடம் தெரியும். அதை வைத்துக்கொண்டு தவிக்கும் மனிதரின் முகம் தெரியாது. சர்வீஸ்காரருக்கு இரண்டும் தெரியும். கோல்டரும் அங்கேதான் நின்றார். எல்லா சர்வீஸ்காரரும் கோல்டர் ஆகிவிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அவருக்குத் தம்பி கிடைத்தார், கடற்படைப் பணம் கிடைத்தது, கடைசியில் ஒரு நல்ல வக்கீலும் கிடைத்தார். ஆனால் மைக்ராஸ்கோப் மேல் குனிந்திருந்த அந்தப் பெயர் தெரியாத லேப் ஊழியரின் கழுத்து வலியைத் தன் வேலையாக அவர் எடுத்துக்கொண்டது யாரும் கொடுத்த அதிர்ஷ்டம் இல்லை.

இன்னொன்று. மிஷின் வந்துவிட்டதால் அந்த ஊழியருக்கு வேலை போய்விட்டதா? இல்லை. மிஷின் சந்தேகப்பட்டு எச்சரிக்கும் ரத்தத்தைத் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க இன்றும் ஒரு மனிதக் கண் வேண்டும். எண்ணுகிற வேலையை மிஷின் எடுத்துக்கொண்டது. யோசிக்கிற வேலை நமக்கே!

நாளை நாமும் ஏதோ ஒரு ஆலையில், மருத்துவமனையில், மில்லில் பையோடு போய் நிற்போம். மிஷினைச் சரி செய்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடாமல், பக்கத்து மேசையில் யார் எதற்காகக் கஷ்டப்படுகிறார் என்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வருவோம். நமக்கான ஓட்டை அங்கே இருக்கலாம்!



மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை